ஜப்பானியப் பள்ளியில் நாங்கள் கண்டவை



வெளிநாடு செல்வோர் கோயில், கோட்டை, கடைத்தெரு ஆகியவற்றைப் பார்த்துவிட்டுத் திரும்புவது வழக்கம். கணவன் மனைவியாக ஜப்பானுக்குச் சென்ற நாங்கள் ஒரு தொடக்கப் பள்ளியையும் பார்த்து வந்தோம். நினைத்தவுடன் அங்கே நுழைந்துவிட முடியாது. முன்னதாகவே கடிதம் எழுதித் தலைமையாசிரியரின் இசைவைப் பெறவேண்டும். கேட்காமல் பிள்ளைகளைப் படம் எடுக்கவும் கூடாது.

ஜப்பானில் 1947ஆம் ஆண்டு முதல் ஒன்பதாண்டுக் கல்வி கட்டாயமாக உள்ளது. தொடக்கப் பள்ளியில் 6 ஆண்டுகள். அதன்பின் இடைநிலைப் பள்ளியில் 3 ஆண்டுகள். பள்ளியாண்டு ஏப்ரல் மாதம் தொடங்குகிறது.

நுழைவாயிலில் காலணி அடுக்குகள் வரிசையாக இருந்தன. மாணவர்கள் வெளிக் காலணியைக் கழற்றி வைத்துவிட்டு, உள்ளே அணிவதற்கென உள்ள காலணியைப் போட்டுக்கொள்கிறார்கள். எங்களுக்கும் மாற்றுக் காலணி தந்தார்கள்.

நண்பகலில் சில மாணவர்கள் வெள்ளை மேலுடையும் தொப்பியும் அணிந்து, உணவுப் பாத்திரங்களை வகுப்புக்குக் கொண்டு வந்தார்கள். அவர்களே சோறும் குழம்பும் பரிமாறினார்கள். ஆசிரியரும் அதே உணவை அவர்களோடு அமர்ந்து உண்டார். இந்தப் பள்ளி உணவு 1889இல் சுருவோக்கா என்னும் ஊரில், ஏழைப் பிள்ளைகளுக்காகத் தொடங்கப்பட்டது. 1954இல் இதற்கெனத் தனிச் சட்டமே வந்தது.

அதன்பின் துப்புரவு நேரம். ஏறக்குறைய கால் மணி நேரம்தான். ஒருவர் பெருக்க, ஒருவர் ஈரத்துணியால் தரையைத் துடைக்க, மற்றொருவர் கரும்பலகையைத் துடைத்தார். பெரிய வகுப்புப் பிள்ளைகள் சிறுவர்களுக்குத் துணியைப் பிழியக் கற்றுக்கொடுத்தார்கள். ஆசிரியரும் கையில் துணியோடு நின்றார். இன்னார் பிள்ளை என்ற வேறுபாடு அங்கே இல்லை.

'நாங்கள்தாம் வெயிலிலும் மழையிலும் பாடுபடுகிறோம். எங்கள் பிள்ளை துடைப்பம் பிடிக்கவா பள்ளிக்கு வருகிறான்?' என்று தோட்டத்துப் பெற்றோர் சிலர் எங்களிடம் கேட்டதுண்டு. அந்தக் கேள்வியில் நியாயம் இருக்கிறது. தலைமுறை தலைமுறையாகக் குனிந்து வேலை செய்தவர்களின் வேதனை அது. ஆனால், தண்டனையாக ஒரு பிள்ளையின் கையில் மட்டும் துடைப்பத்தைக் கொடுப்பது வேறு. எல்லாப் பிள்ளைகளும் ஆசிரியரும் சேர்ந்து துப்புரவு செய்வது வேறு. முன்னது இழிவு, பின்னது கல்வி.

துப்புரவு வேலை தாழ்ந்தது என்று எண்ணி வளரும் பிள்ளை, 'என் அம்மா பால்மரம் வெட்டுகிறார்' என்று சொல்ல ஒருநாள் கூசுவான். அவனைப் படிக்க வைக்கப் பட்ட பாடெல்லாம் அப்போது என்ன ஆகும்? உழைப்பை மதிக்கத் தெரிந்த பிள்ளையே, உயர்ந்த பதவிக்குப் போனாலும் பெற்றோரை மறக்கமாட்டான்.

ஆகவே பெற்றோர்களே, படிக்கும் நேரத்தைப் பறித்துப் பிள்ளைகளிடம் வேலை வாங்காதீர்கள். ஆனால் நாள்தோறும் கால் மணி நேரம் வீட்டு வேலையில் பங்கு கொடுங்கள். பெண் பிள்ளைக்கு மட்டுமன்று, ஆண் பிள்ளைக்கும் கொடுங்கள். உண்ட தட்டை அவனே கழுவட்டும். காட்டு வேலை முடிந்து களைத்து வரும் தாய்க்கு அது ஓய்வாகும். பிள்ளைக்கு அது பாடமாகும்.