ஆட்டத்திலிருந்து விலக்கப்பட்டவர்

அமெரிக்காவில் 'புட்பால்' என்று வழங்கும் ஆட்டம் நம் பள்ளிகளில் ஆடப்படும் கால்பந்தாட்டம் அன்று. நீள்வட்டமான பந்தைக் கையிலேந்தி ஓடியும், எறிந்தும், எதிர்ப்படுவோரை மோதி வீழ்த்தியும் ஆடுவது அது. அவ்வாட்டத்தில் பெயர் பெற்று, பிற்காலத்தில் நீதிபதியாக உயர்ந்த வில்லிஸ் வார்டு என்னும் கறுப்பினத்தவரின் வரலாறு அங்கத்தினர்கள் அறிந்துகொள்ளத் தக்கதாகும்.

வார்டு 1912-ஆம் ஆண்டு அலபாமா மாகாணத்தில் பிறந்தார். டெட்ராயிட் நகரத்து நார்த்வெஸ்டர்ன் உயர்தரப் பள்ளியில் பயிலுங் காலத்திலேயே புட்பாலிலும், உயரத் தாண்டுவதிலும், தடை ஓட்டத்திலும் புகழ் பெற்றார். பின்னர் மிச்சிகன் சர்வகலாசாலையிற் சேர்ந்தார். 1890-களில் ஜார்ஜ் ஜூவெட் என்பவர் ஆடியதற்குப் பிறகு, அங்கே புட்பால் குழுவில் கறுப்பினத்தவர் எவரும் இடம் பெற்றதில்லை. வார்டைச் சேர்ப்பதற்கு விளையாட்டுத் துறைத் தலைவர் யோஸ்டுக்கு மனமில்லை. பயிற்சியாளர் கிப்கேயோ விடாப்பிடியாக நின்று சேர்த்துக்கொண்டார். அக்குழு 1932, 1933 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் தோல்வியே காணாமல் தேசிய வாகை சூடியது.

1934 அக்டோபர் 20-ல் தென்னாட்டு ஜார்ஜியா டெக் கல்லூரிக் குழுவுடன் ஆட்டம் ஏற்பாடாகியிருந்தது. கறுப்பினத்தவர் ஆடும் களத்தில் தாங்கள் இறங்க முடியாது என்று அவர்கள் அறிவித்தனர். சர்வகலாசாலையின் நிர்வாகிகள் இணங்கிவிட்டனர். மாணவர்கள் திரண்டு விண்ணப்பங்களிற் கையொப்பமிட்டும் பயன் விளையவில்லை. வார்டுடன் நட்புப் பூண்டிருந்த சக ஆட்டக்காரர் ஜெரால்டு போர்டு, தாமும் ஆடுவதில்லை என எண்ணினார். வார்டே அவரை ஆடும்படி கேட்டுக்கொண்டார். இவரை நீக்கியதற்கு ஈடாக ஜார்ஜியாவினரும் தம்முள் ஒருவரை நிறுத்தி வைத்தனர்; இதுவே நியாயம் எனப்பட்டது!

மிச்சிகன் 9-க்கு 2 என்று வென்றது. அவ்வாண்டு ஆடிய எட்டு ஆட்டங்களில் அவர்கள் கண்ட வெற்றி இஃதொன்றே. எஞ்சிய ஏழு ஆட்டங்களிலும் சேர்த்து அக்குழு ஈட்டிய 12 புள்ளிகளையும் ஈட்டியவர் வார்டுதான்.

அந்நிகழ்ச்சி அவர் உள்ளத்தை முறித்துவிட்டது. 1935-ல் உலகப் புகழ் பெற்ற ஜெஸ்ஸி ஓவன்ஸையே ஓட்டத்தில் முந்தியவர் அவர். ஆயினும், அடுத்த ஆண்டு பெர்லின் ஒலிம்பிக்கிலும் கறுப்பினத்தவரை ஆடவொட்டார் என்று அஞ்சி, அதற்காக முயலாமலே இருந்துவிட்டார். அங்கே ஓவன்ஸ் நான்கு தங்கப் பதக்கங்களைப் பெற்றார்.

எனினும் வார்டு சோர்ந்து கிடக்கவில்லை. போர்டு மோட்டார் கம்பெனியில் உத்தியோகம் பார்த்தவாறே சட்டம் பயின்று, 1939-ல் பட்டம் பெற்றார். அரசாங்க வழக்கறிஞராகவும், மிச்சிகன் பொதுச் சேவைக் கமிஷனின் தலைவராகவும் பணியாற்றிய பின், 1973-ல் வெய்ன் மாவட்ட நீதிபதியானார். 1983-ல் காலமானார்.

அவருடைய தோழர் போர்டு 1974-ல் அமெரிக்க ஜனாதிபதியானார். மிச்சிகனில் மாணவர்களைச் சேர்க்கும்போது சிறுபான்மை இனத்தாரைக் கருதும் முறை வழக்குக்கு உள்ளாகியிருந்த 1999-ல், அவர் 'நியூயார்க் டைம்ஸ்' பத்திரிகையில் வார்டுக்கு நேர்ந்ததை எடுத்துக் காட்டி, அம்முறையை ஆதரித்து எழுதினார். அறுபத்தைந்து ஆண்டுகளாகியும் அந்த ஒரு நாளை அவர் மறந்தாரில்லை.

வெளியார் விதித்த நிபந்தனைக்காகத் தம்மவர் ஒருவரை விலக்கியோர் ஓர் ஆட்டத்தை வென்றனர். ஒரு வீரனின் ஊக்கத்தை இழந்தனர். இவற்றுள் எது பெரிதென்பதை அன்பர்களே நிதானிப்பார்களாக.