பலமும் வலுவும்

பாரந் தூக்கினால் தசை இறுகிவிடும், ஓட்டமும் பாய்ச்சலும் மந்தமாகும் என்று அஞ்சிப் பிள்ளைகளைத் தடுக்கும் பெற்றோர் நம்மிடையே உளர். இவ்வச்சம் நமக்கு மட்டும் உரியதன்று; ஒரு காலத்தில் மேனாட்டுப் பயிற்றுநர் பலரும் இவ்வாறே நம்பினர்.

அந்நம்பிக்கையை அசைத்தவர்களுள் ஒருவர் சோவியத் வீரர் வலேரி புருமெல். கனத்த பாரங்களைத் தூக்கிப் பயின்ற அவர், 1963ஆம் ஆண்டில் 2.28 மீற்றர் உயரம் பாய்ந்து உலக சாதனை நிலைநாட்டினார். 1964இல் டோக்கியோ ஒலிம்பிக்கில் தங்கப் பதக்கமும் பெற்றார்.

எனினும், பலம் ஒன்றே போதுமா? போதாது. பலம் என்பது தசை பிறப்பிக்கும் விசை. வலு என்பதோ அவ்விசையையும் வேகத்தையும் பெருக்கி வருவது என நாம் பாடசாலையிற் கற்றிருக்கிறோம். தசை தன் முழு விசையையும் திரட்ட ஏறத்தாழ 0.3 செக்கனோ அதற்கு மேலோ வேண்டும். விரைந்தோடும் வீரரின் பாதம் நிலத்திற் படிவதோ ஏறத்தாழ 0.1 செக்கன் மாத்திரமே. அச்சிறு பொழுதில் எவ்வளவு விசையை எழுப்ப வல்லார் என்பதிலேயே அவரது வேகம் பெரிதும் தங்கியுள்ளது. ஆதலின், பாரந் தூக்கிப் பலத்தைச் சேர்ப்பதோடு, துள்ளல், பாய்தல், கனத்த பந்தை எறிதல் முதலிய பயிற்சிகளால் அதனை விரைந்து வெளிப்படுத்தவும் பழகல் வேண்டும்.

தக்க கண்காணிப்பில், சிறு பாரத்துடன் தொடங்கும் பயிற்சி பிள்ளைகளின் வளர்ச்சியைக் குன்றச் செய்வதில்லை என்பது இன்று தெளிந்த முடிபு. ஆகவே, ஆர்வமுள்ள பிள்ளையைத் தடுக்காது, முறையறிந்த ஆசிரியரிடம் அனுப்புவோமாக.