கதவை யார் சாத்தியது? அலோன், லோன்லி, சாலிட்டியூட்

‘தமிழ்ல தனிமைன்னு ஒரே சொல்லை வச்சுக்கிட்டு ஒப்பேத்துறோம். ஆங்கிலத்துல பாருங்க, அலோன், லோன்லி, சாலிட்டரி, சாலிட்டியூட்னு எத்தனை நுட்பம்!’ என்று மொழிபெயர்ப்பு செய்கிற நண்பர்கள் சலித்துக்கொள்வார்கள். அகராதிகளும் அவர்களுக்கு ஒத்தாசை. அலோன் என்றால் கூட ஆளில்லை, வெறும் தகவல். லோன்லி என்றால் அதனால் வரும் ஏக்கம். சாலிட்டியூட் என்றால் விரும்பி ஏற்றுக்கொண்ட, நிறைவு தரும் தனிமை. இறையியலாளர் பால் டில்லிக் வலிக்கு ஒரு சொல், மகிமைக்கு ஒரு சொல் என்று இருப்பதை மொழியின் விவேகமாகவே கொண்டாடினார்.

எனக்கு இதில் சந்தேகம் உண்டு. இந்தப் பிரிவினையை உணர்ச்சியின் நுட்பமாக மட்டும் வாசிக்க முடியாது. கதவை உள்ளேயிருந்து தாழ்போட வசதியுள்ளவருக்கும் வெளியேயிருந்து பூட்டப்பட்டவருக்கும் இடையிலான வித்தியாசமும் இதற்குள் இருக்கிறது.

சொற்களின் வரலாற்றைப் பார்ப்போம். ‘ஆல்’, ‘ஒன்’ இரண்டும் ஒட்டி அலோன், அதாவது ‘முழுக்க ஒன்று’. ‘ஒன்’ பிற்காலத்தில் வகர ஒலி ஏறி ‘வன்’ ஆகிவிட்டது. அலோனிலும் ஓன்லியிலும் பழைய உயிரொலி தங்கிவிட்டதால் பேசுகிறவர்களுக்கே உறவு மறந்துபோயிற்று. அப்புறம் அலோனின் தலையை வெட்டி ‘லோன்’ என்றொரு சொல் செய்தார்கள் (வங்கியில் வாங்குகிற லோனுக்கும் இதற்கும் ஒலி ஒற்றுமை தவிர வேறொன்றுமில்லை). அதற்கு வால் வைத்ததுதான் லோன்லி.

லோன்லினஸ் என்றாலே மனவேதனை என்பதும் பழைய வழக்கல்ல. ஹாம்லெட்டில் பொலோனியஸ் மகள் ஒபீலியாவின் கையில் ஒரு புத்தகத்தைக் கொடுத்து, அவள் தனியாக நிற்பதற்கு அது ஒரு சாக்காக இருக்கட்டும் என்கிறான். அங்கே லோன்லினஸ் என்பது ஒரு பெண் துணையில்லாமல் நிற்கிற நிலை மட்டுமே. அதற்கே காரணம் காட்டியாக வேண்டியிருக்கிறது! அதுவும் அவள் நிஜமாகத் தனியாக இல்லை, அப்பனும் அரசனும் ஒளிந்திருந்து கவனிக்கிறார்கள். துணையில்லாத ஏக்கம் என்ற பொருள் லோன்லியில் அழுத்தம் பெறுவது 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான்.

சாலிட்டியூட் வேறு குலம். லத்தீன் ‘சோலுஸ்’ வழிவந்து பிரெஞ்சு மூலமாக நுழைந்தது. கொட்டிலில் நிற்கும்போது ‘கௌ’, துரை வீட்டுப் பந்தியில் ‘பீஃப்’ என்று நார்மன் ஆட்சிக்குப் பிறகு ஆங்கிலத்தில் ஏற்பட்ட பிளவை இங்கே நினைத்துக்கொள்ளலாம்.

வேர்ட்ஸ்வொர்த்தின் டாஃபடில் கவிதை இரண்டு சொற்களையும் கையாள்கிறது. தொடக்கத்தில் லோன்லி, முடிவில் சாலிட்டியூட். ஆனால் 1802 ஏப்ரல் 15 அன்று அல்ஸ்வாட்டர் ஏரிக்கரையில் அந்தப் பூக்களைப் பார்த்தபோது தங்கை டோரதியும் கூட இருந்தார். அவருடைய நாட்குறிப்பே சாட்சி. 1807இல் கவிதை அச்சானபோது தங்கை காணாமல் போய், அண்ணன் மேகம் மாதிரி ஒற்றை ஆளாகிவிட்டார். சாலிட்டியூடைப் பேரின்பமாக்குகிற அந்த இரண்டு வரிகளும் மனைவி மேரி தந்தவை என்று கவிஞரே ஒப்புக்கொண்டிருக்கிறார். அடுப்படியை வேறு யாரோ கவனித்துக்கொண்ட வீட்டில், சோபாவில் சாய்ந்தபடி அனுபவிக்கப்பட்ட தனிமை இது. கவிதை மட்டமென்று சொல்லவில்லை. பிரதிக்குள் மூன்று பேர் இருக்கிறார்கள், கணக்கில் வருவது ஒருவர், அவ்வளவுதான்.

அதே லத்தீன் வேரிலிருந்து வந்த சாலிட்டரி எங்கே போய்ச் சேர்ந்தது? சிறைக்கு. 1829இல் பிலடெல்பியாவில் ஈஸ்டர்ன் ஸ்டேட் சிறை திறக்கப்பட்டது. ஒவ்வொரு கைதிக்கும் தனி அறை. ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கக் கூடாது, வெளியே நடத்திப் போகும்போது தலையோடு முகத்தை மூடிவிடுவார்கள். நோக்கம் கொடுமை அல்ல என்பதுதான் இதில் பயங்கரம். குவேக்கர் நம்பிக்கையின் சாயலில், துறவிக்குப் பயன்படுகிற சாலிட்டியூட் குற்றவாளியின் மனசாட்சியையும் எழுப்பும் என்று நம்பினார்கள். ‘பெனிடென்ஷியரி’ என்ற பெயருக்குள்ளேயே பாவத்துக்கு வருந்துதல் இருக்கிறது. 1842இல் நேரில் பார்த்த டிக்கன்ஸ், உடம்பில் தழும்பு விழாத இந்த வதை உடல் வதையைவிட மோசமானது என்ற முடிவுக்கு வந்தார். ஃபூக்கோவும் தண்டனை பற்றிய தன் 1975ஆம் ஆண்டு நூலில் இந்த பிலடெல்பியா மாதிரியை விவாதிக்கிறார். மடத்தில் அருள், சிறையில் வதை. சொல்லின் வேர் ஒன்றே.

சரி, நம் ‘ஒரே சொல்’ விவகாரத்துக்கு வருவோம். மார்க்வெஸ் நாவலின் ஸ்பானியத் தலைப்பில் இருப்பது ‘சொலெதாத்’. இந்த ஒரு சொல் விரும்பிய தனிமை, விதிக்கப்பட்ட தனிமை இரண்டையும் தாங்கும். 1970இல் ஆங்கிலத்துக்குக் கொண்டுவந்த கிரகரி ரபாஸா ஒன்றைத் தேர்ந்தாக வேண்டியிருந்தது, சாலிட்டியூடை எடுத்தார். லோன்லினஸ் உதிர்ந்துபோயிற்று. தமிழில் ‘தனிமை’ என்று போட்டதும், ஆங்கிலத்தில் உதிர்ந்தது திரும்பி வந்துவிடுகிறது. அந்த நாவலில் அப்பா ஹோசே அர்க்காதியோ புவேந்தியாவை முற்றத்து மரத்தில் மற்றவர்கள் கட்டிப்போடுகிறார்கள். மகன் அவுரேலியானோ பட்டறைக்குள் தானே அடைந்துகொண்டு தங்க மீன் செய்கிறான், உருக்குகிறான், மறுபடி செய்கிறான். இருவருக்கும் மார்க்வெஸ் தருவது ஒரே சொல்தான்.