ஸ்பானிய வினைகளில் அசையும் அழுத்தமும்

தமிழிலே ஒரு சொல்லின் எவ்வசையை அழுத்தி உரைப்பினும் பொருள் திரிவதில்லை. குறிலை நெடிலாக்கினாற் பொருள் திரியும். படு வேறு, பாடு வேறு. ஸ்பானிய மொழியிலோ குறில் நெடில் என்னும் பாகுபாடு இல்லை. பொருளைப் பிரித்துக் காட்டும் அத்தொழிலை ஆங்கு அழுத்தம் செய்கின்றது. இதனை உளங்கொள்ளாது வினை வாய்பாடுகளை மனனஞ் செய்வோர் பெரிதும் இடர்ப்படுவர்.

தெர்-மி-னோ என்னும் மூவசைச் சொல்லை நோக்குவோம். முதலசையை அழுத்தின் ‘எல்லை’ என்னும் பெயர்ச்சொல். நடுவசையை அழுத்தின் ‘முடிக்கின்றேன்’. ஈற்றசையை அழுத்தின் ‘முடித்தான்’ அல்லது ‘முடித்தாள்’. தமிழிற்போல ஸ்பானியத்திலும் எழுவாய் பெரும்பாலும் தோன்றாதே நிற்பதனால், செய்தவர் யாவர், செய்தது எக்காலம் என்னும் இரண்டினையும் இங்கு அழுத்தமொன்றே உணர்த்துகின்றது. அது இடம் மாறின் நாம் முடிக்கும் வேலை பிறர் முடித்த வேலையாகிவிடும்!

உயிரிலேனும் ன், ஸ் என்னும் மெய்களிலேனும் முடியுஞ் சொற்கள் ஈற்றயலசையிலும், பிற மெய்களில் முடிவன ஈற்றசையிலும் அழுத்தம் பெறும். மாறி வருமிடத்து உயிரெழுத்தின்மேற் சாய்கோடு இடுவர். ன், ஸ் இரண்டற்கு மட்டும் இச்சலுகை ஏன்? ‘முடிக்கின்றான்’ எனப் பொருள்படும் தெர்மின என்பது ஸ் பெற்று முன்னிலை ஒருமையாகவும், ன் பெற்றுப் படர்க்கைப் பன்மையாகவும் ஆகும்பொழுது அழுத்தம் அசைவதில்லை. வினைவிகுதிகளைத் தழுவியே விதி அமைந்திருத்தல் காண்க.

யாப்புப் பயின்ற எம் மாணவர் அசையென்றதும் நேரையும் நிரையையும் நினைப்பர். ஈண்டு அசையாவது ஓருயிரையோ, ஒன்றாய் இணைந்த உயிர்களையோ கொண்டு ஒரே முயற்சியில் எழும் ஒலியாம். இ, உ இரண்டும் மெலிந்த உயிர்கள். அழுத்தம் பெறாவிடின் அடுத்த உயிரோடு கலந்துவிடும். ஆதலின் ‘தொடர்ந்தான்’ என்பது கொந்-தி-னுவோ என மூவசை. ‘தொடர்கின்றேன்’ என்பதிலோ உகரமே அழுத்தம் பெறுதலின், கொந்-தி-னு-ஓ என நாலசையாகின்றது. அழுத்தம் அசையின் எண்ணிக்கையையே மாற்றிவிடும் இவ்விடம் எமக்கு மிக உவப்பானது.

பகுதியின் உயிரும் இதற்குத் தப்பாது. ‘எண்ணுகின்றோம்’ என்பது கொந்-தா-மோஸ். ‘எண்ணுகின்றேன்’ என்பதோ குவெந்-தோ. இலத்தீனின் குறுகிய ஒகரம் அழுத்தம் பெற்றவிடத்து இரட்டையுயிராய் விரிந்தமையே காரணம்.

இத்துறையில் வழக்கும் விதியும் எப்போதும் உடன்படுவதில்லை. ‘வழிகாட்டினான்’ என்னும் பொருளுடைய கியோ என்பதை ஸ்பெயினிற் பலர் கி-யோ என ஈரசையாகவே ஒலிப்பர். எனினும் எழுத்திலக்கணத்தில் அஃது ஓரசைச் சொல்லென 2010 இல் ஸ்பானிய மொழிக் கழகங்கள் விதித்துச் சாய்கோட்டை நீக்கிவிட்டன.