கல்யாண டிவிடி ஓட மாட்டேங்குதா? தூக்கிப் போடும் முன் டிரைவைக் கொஞ்சம் கவனியுங்கள்!

கம்மாபுரத்திலோ, பக்கத்து விருத்தாசலத்திலோ, 2000-க்குப் பிறகு கல்யாணம் நடந்த ஒரு வீட்டில் பீரோவைத் திறந்தால், பட்டுப்புடவைகளுக்குக் கீழே ஒரு பிளாஸ்டிக் டப்பா இருக்க வாய்ப்பு அதிகம். மூடியில் மாப்பிள்ளை - பெண் போட்டோ, ஓரத்தில் ஸ்டூடியோ பெயர், உள்ளே இரண்டு மூன்று டிஸ்க்.

அந்த டிஸ்க்கில் தாலி கட்டுவது மட்டும் இல்லை. பந்தியில் சாம்பார் வாளியோடு ஓடும் பெரியப்பா, கேமரா லைட்டுக்குக் கண்ணைச் சுருக்கும் ஆயா, நலங்கு பாடும் அத்தை என்று இன்றைக்கு நம்மோடு இல்லாத பலரும் அதில் நடமாடிக்கொண்டிருக்கிறார்கள். முகம் போட்டோவிலும் இருக்கும். குரல் பல வீடுகளில் அந்த டிஸ்க்கில் மட்டும்தான் இருக்கிறது.

ஒரு நாள் ஆசையாக எடுத்து கம்ப்யூட்டரில் போட்டால், டிரைவ் விர்ரென்று சுற்றுகிறது, விளக்கு மினுக்குகிறது, அப்புறம் அமைதி. 'டிஸ்க்கைப் போடவும்' என்று திரையில் ஒரு வரி. போட்ட டிஸ்க்கையே போடச் சொல்கிறது! "டிஸ்க் வீணாப்போச்சு" என்று வீட்டில் தீர்ப்பு எழுதிவிடுகிறார்கள். ஆனால், கெட்டுப்போனது டிஸ்க்காக இல்லாமல் டிரைவாகவும் இருக்கலாம். இரண்டும் நன்றாக இருந்து கம்ப்யூட்டருக்குள் வேறு கோளாறாகவும் இருக்கலாம். அதைக் கண்டுபிடிக்க மெக்கானிக் படிப்பு தேவையில்லை, பொறுமை இருந்தால் போதும்.

டிஸ்க் நம் வீட்டுக்கு வந்த கதையை முதலில் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். பிலிப்ஸும் சோனியும் சேர்ந்து உருவாக்கிய சிடி, 1982-ல் சந்தைக்கு வந்தது. நம் ஊர்களில் அது பரவலானது விசிடி காலத்தில்தான். 2006-ல் தமிழக அரசு இலவச கலர் டிவி கொடுக்க ஆரம்பித்தது. பிளேயரும் மலிவாகிவிட்டது. அதே காலத்தில், டெல்லியில் தொடங்கப்பட்ட மோசர் பேர் நிறுவனம் சினிமா விசிடியை 28 ரூபாய்க்கும், டிவிடியை 34 ரூபாய்க்கும் விற்று திருட்டு சிடிக்காரர்களுக்கே சவால் விட்டது. உலகின் பெரிய டிஸ்க் தயாரிப்பாளர்களில் ஒன்றாக இருந்த அந்த நிறுவனத்தையே 2018-ல் கலைத்துவிட தீர்ப்பாயம் உத்தரவிட்டது. 2025 பிப்ரவரியில் சோனியும், பதிவு செய்யக்கூடிய ப்ளூரே டிஸ்க் தயாரிப்பை நிறுத்திக்கொண்டது. புது லேப்டாப்புகளில் டிரைவே வருவதில்லை. எனவே, வீட்டில் இருக்கும் பழைய டிரைவ் ஓடுகிற வரைக்கும்தான் இந்த டப்பாவுக்கு மதிப்பு.

முதல் கேள்வி, குற்றவாளி யார்? ஒரே டிஸ்க்கை வைத்துக்கொண்டு இதற்கு விடை காண முடியாது. குறைந்தது மூன்று வகை டிஸ்க் வேண்டும். கடையில் வாங்கிய பாட்டு சிடி ஒன்று, கடையில் வாங்கிய சினிமா டிவிடி ஒன்று, ஸ்டூடியோவில் எழுதித் தந்த டிஸ்க் ஒன்று. மூன்றையும் ஒவ்வொன்றாகப் போட்டுப் பாருங்கள். எதுவுமே ஓடவில்லை என்றால் சந்தேகம் டிரைவ் மேல். கல்யாண டிஸ்க் மட்டும் ஓடவில்லை என்றால், அதை டிவியோடு இணைக்கும் பழைய டிவிடி பிளேயரிலோ, பக்கத்து வீட்டு கம்ப்யூட்டரிலோ போட்டுப் பார்க்க வேண்டும். அங்கே ஓடினால் டிஸ்க் நல்லது.

சிடி ஓடுகிறது, டிவிடி மட்டும் ஓடவில்லை என்பார்கள் சிலர். இது ஒரு நல்ல துப்பு. சிடியைப் படிக்க 780 நானோமீட்டர் அலைநீளம் கொண்ட லேசர் ஒளி வேண்டும். டிவிடிக்கு 650. டிரைவுக்குள் இரண்டுக்கும் தனித்தனி ஒளிமூலம் இருக்கிறது. ஒன்று மங்கினாலும் இன்னொன்று வேலை செய்யும். அதனால், 'பாட்டு சிடி ஓடுதே, டிரைவ் நல்லாத்தான் இருக்கு' என்று முடிவு கட்டக் கூடாது.

இன்னொரு துப்பு: கடையில் வாங்கிய டிஸ்க் ஓடுகிறது, ஸ்டூடியோ டிஸ்க் மட்டும் திணறுகிறது. கம்பெனி டிஸ்க்கில் தகவல், அச்சில் வார்த்த குழிகளாக இருக்கும். ஸ்டூடியோவில் எழுதுவது ஒரு வகைச் சாயப் படலத்தின் மேல். அது ஒளியைக் குறைவாகத்தான் திருப்பி அனுப்பும். லென்ஸில் தூசி படிந்தாலோ, லேசருக்கு வயதானாலோ முதலில் அடி வாங்குவது இந்த டிஸ்க்தான். கல்யாண டிவிடிகள் எல்லாமே இந்த வகை என்பதால்தான், 'சினிமா படம் ஓடுது, நம்ம கல்யாணம் மட்டும் ஓடலை' என்ற புலம்பல்.

ட்ரேயே திறக்கவில்லையா? பயப்பட வேண்டாம். டிரைவின் முகப்பில் குண்டூசி நுழையும் அளவுக்கு ஒரு சின்ன ஓட்டை இருக்கும். கம்ப்யூட்டரை நிறுத்திவிட்டு, ஒரு ஜெம் கிளிப்பை நிமிர்த்தி, நேராக உள்ளே தள்ளினால் ட்ரே கொஞ்சம் வெளியே வரும். மீதியைக் கையால் இழுத்துக்கொள்ளலாம். டெஸ்க்டாப் டிரைவ் என்றால், உள்ளே ட்ரேயை இழுக்கும் சின்ன ரப்பர் பெல்ட் தளர்ந்திருக்கும். தையல் மெஷின் பெல்ட் தளர்ந்தால் எப்படி வழுக்குமோ, அப்படித்தான். அதை மாற்றினால் டிரைவ் பழையபடி வேலை செய்யும். லேப்டாப் டிரைவில் பெல்ட் கிடையாது. ஸ்பிரிங்கும் கொக்கியும்தான்.

அடுத்தது சுத்தம். இங்கேதான் இந்த வட்டாரத்துக்கு என்று ஒரு விஷயம் இருக்கிறது. விருத்தாசலம் பீங்கான் ஊர். அகல் விளக்கு, கொலு பொம்மை, ஃபியூஸ் கட்டை என்று களிமண்ணும் சூளையுமாகப் பிழைக்கும் குடும்பங்கள் ஏராளம். அந்தப் பக்கம் நெய்வேலி சுரங்கங்கள். பீங்கான் மண்ணில் குவார்ட்ஸ் துகள் உண்டு. டிஸ்க்கின் மேல்பரப்பு பாலிகார்பனேட் என்ற பிளாஸ்டிக். அந்தத் துகளோடு ஒப்பிட்டால் அது ரொம்ப மெத்து. தூசி படிந்த டிஸ்க்கை வேட்டி நுனியால் வறட்டுத் துடைப்பாகத் துடைத்தால், உப்புத்தாளால் தேய்த்த மாதிரிதான்.

டிஸ்க்கை முதலில் குழாய்த் தண்ணீரில் காட்டித் துகளைக் கழுவிவிட வேண்டும். எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் ஒரு சொட்டு திரவ சோப்பை விரல் நுனியால் தடவலாம். பிறகு மெல்லிய பருத்தித் துணியால், நடு ஓட்டையிலிருந்து விளிம்பை நோக்கி நேர்கோட்டில் ஒற்றியெடுக்க வேண்டும். வட்டமாகத் துடைக்கவே கூடாது. தகவல் சுருள் பாதையில் வட்டமாகத்தான் எழுதப்பட்டிருக்கிறது. குறுக்கே விழும் கீறலை டிரைவ் கணக்குப் போட்டுச் சரிசெய்துகொள்ளும். பாதையோடு நீளமாக விழும் கீறல் தொடர்ச்சியாகத் தகவலை விழுங்கிவிடும். நகப்பூச்சு நீக்கி, தின்னர் இரண்டும் பாலிகார்பனேட்டையே அரித்துவிடும். கிட்டவே கொண்டுபோகாதீர்கள்.

பலருக்குத் தெரியாத இன்னொன்று: சிடியில் கீழ்ப்பக்கத்தைவிட மேல்பக்கம்தான் ஆபத்தானது. தகவல் அடுக்கு, பெயர் எழுதும் பக்கத்தில் மெல்லிய அரக்குப் பூச்சுக்கு அடியிலேயே இருக்கிறது. பால்பாயின்ட் பேனாவால் அழுத்தி 'முகூர்த்தம் - 2' என்று எழுதியவர்கள் முகூர்த்தத்தின் மேலேயே எழுதியிருக்கிறார்கள். சிடியை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். ஊசி ஓட்டை போல ஒளி தெரிந்தால் அந்த இடத்துத் தகவல் போனதுதான், எந்த டிரைவாலும் மீட்க முடியாது. டிவிடியில் அந்த அடுக்கு இரண்டு பிளாஸ்டிக் தகடுகளுக்கு நடுவில் இருப்பதால் கொஞ்சம் தப்பித்தது.

இனி லென்ஸ். லேப்டாப் டிரைவில் ட்ரேயைத் திறந்தாலே, மிளகு அளவுக் கண்ணாடி போல அது தெரியும். டெஸ்க்டாப் டிரைவில், மின் இணைப்பைப் பிடுங்கிவிட்டு அடித்தகட்டின் நாலு ஸ்க்ரூவைக் கழற்றினால்தான் கண்ணில் படும். காது குடையும் பஞ்சுக் குச்சியில் ஒரு சொட்டு ஐசோபுரொபைல் ஆல்கஹால் தொட்டு, பூப்போல ஒரு முறை ஒற்ற வேண்டும். அந்த லென்ஸ் தலைமுடி போன்ற கம்பிகளில் தொங்கிக்கொண்டிருக்கிறது. அழுத்தினால் கதை முடிந்தது. வாயால் ஊதுவதும் வேண்டாம், எச்சில் தெறிக்கும். டிரைவைத் திறந்த நிலையில் மின்சாரம் கொடுத்து லென்ஸை உற்றுப் பார்ப்பது கண்ணுக்கு ஆபத்து. சிடிக்கான ஒளி கிட்டத்தட்ட கண்ணுக்கே தெரியாதது என்பதால் ஆபத்தும் தெரியாது.

பழைய விசிடி பிளேயர் காலத்திலிருந்து ஒரு கடை வித்தை உண்டு. லேசர் பக்கத்தில் இருக்கும் சின்னத் திருகைத் திருப்பி சக்தியை ஏற்றிவிடுவது. உடனே படம் ஓடும், வாடிக்கையாளரும் சந்தோஷமாகப் போவார். ஆனால், அணையப் போகும் விளக்கின் திரியைத் தூண்டிவிட்ட கதைதான் அது. லேசர் இன்னும் சீக்கிரம் தீர்ந்துபோகும். டிஸ்க்கை நகல் எடுக்க ஒரே ஒரு வாய்ப்பு போதும் என்றால் தவிர, இதற்குச் சம்மதிக்காதீர்கள்.

டிஸ்க்கும் நல்லது, லென்ஸும் சுத்தம், ஆனால் 'மை கம்ப்யூட்டர்' பக்கத்தில் டிரைவே தெரியவில்லையா? கம்ப்யூட்டர் ஆன் ஆகும்போது வரும் பயாஸ் திரையில் டிரைவின் பெயர் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். அங்கேயே இல்லை என்றால் கேபிள், பவர் ஒயர் கழன்றிருக்கலாம், அல்லது டிரைவ் செத்திருக்கலாம். அங்கே இருந்து விண்டோஸில் மட்டும் இல்லை என்றால், அது மென்பொருள் சிக்கல். டிவைஸ் மேனேஜரில் அந்த டிரைவின் மேல் மஞ்சள் முக்கோணம் தெரியும். அதை அங்கேயே 'அன்இன்ஸ்டால்' செய்துவிட்டு கம்ப்யூட்டரை மறுபடி தொடங்கினால் பல நேரம் திரும்பி வந்துவிடும். அப்போதும் வரவில்லை என்றால், எப்போதோ போட்டு எடுத்த பழைய சிடி எழுதும் மென்பொருள் ரெஜிஸ்ட்ரியில் விட்டுப்போன மிச்சமாக இருக்கலாம். அதை விஷயம் தெரிந்தவர் கையில் விடுவது நல்லது.

இதைவிடச் சிரிப்பான ஒரு காரணமும் இருக்கிறது. விண்டோஸ் 10-ல் டிவிடி படம் ஓட்டும் வசதியே கூட வருவதில்லை. டிஸ்க்கைத் திறந்தால் ஃபைல்கள் தெரியும், படம் மட்டும் ஓடாது. இலவசமாகக் கிடைக்கும் விஎல்சி பிளேயரை இறக்கிப் போட்டால் சிக்கல் தீர்ந்தது. இதற்காக டிரைவையே மாற்றத் தேவையில்லை!

டிரைவ் செத்துவிட்டது என்று உறுதியானால், லேசரை மாற்றிச் செலவழிப்பதில் அர்த்தமில்லை. யுஎஸ்பி-யில் சொருகும் வெளி டிரைவ் ஒன்று வாங்குவதோ, இருப்பவரிடம் ஒரு நாள் இரவல் கேட்பதோ புத்திசாலித்தனம். வெளி டிரைவ் டக் டக் என்று சத்தம் போட்டு நின்றுபோனால், பழுது என்று திருப்பிக் கொடுத்துவிடாதீர்கள். சாதாரண யுஎஸ்பி 2.0 துளை 500 மில்லி ஆம்பியர்தான் தரும். டிஸ்க் சுற்றத் தொடங்கும்போது அது பற்றாமல் போகலாம். டெஸ்க்டாப்பின் பின்பக்கத் துளையில் நேரடியாகச் சொருகிப் பாருங்கள்.

ஒரு வழியாக டிஸ்க் ஓடிவிட்டது. இப்போது செய்யக் கூடாத காரியம், குடும்பமே உட்கார்ந்து முழுப் படத்தையும் பார்ப்பது. முதலில் நகல்! தடுமாறும் டிரைவும் வயதான டிஸ்க்கும் எப்போது கைவிடும் என்று சொல்ல முடியாது. டிவிடி என்றால் 'வீடியோ டிஎஸ்' என்ற ஃபோல்டரை முழுதாக ஹார்டு டிஸ்க்குக்கு இழுத்துப் போட்டால் போதும். ஓர் அடுக்கு டிவிடியில் 4.7 ஜிபி-க்கு மேல் இருக்காது.

விசிடி கொஞ்சம் வம்பு. அதில் படம் 'டாட்' என்று முடியும் ஃபைலாக இருக்கும். அதிக நேரப் படத்தைத் திணிப்பதற்காக, பிழை திருத்தும் கூடுதல் தகவலை அதில் விட்டுவிட்டார்கள். அதனால்தான் ஓட்டினால் கட்டம் கட்டமாகச் சிதறியாவது ஓடும் விசிடி, நகல் எடுக்கும்போது பாதியில் 'எரர்' காட்டி நின்றுவிடுகிறது. அந்த இடத்தில் சோர்ந்துவிட வேண்டாம். ஒரு டிரைவ் படிக்காததை இன்னொரு டிரைவ் படித்துவிடுவது சகஜம். லினக்ஸ் தெரிந்தவர்களிடம் 'டிடி ரெஸ்க்யூ' என்று கேளுங்கள். நல்ல பகுதிகளை முதலில் எடுத்து வைத்துக்கொண்டு, படிக்க முடியாத இடங்களைக் குறித்து வைத்து, அவற்றுக்கு மட்டும் மறுபடி மறுபடி முயலும் இலவசக் கருவி அது. வேறு டிரைவுக்கு மாற்றி, விட்ட இடத்திலிருந்தும் தொடரலாம்.

ஒரே ஒரு வகை டிஸ்க்கை எந்த டிரைவிலும் போடாதீர்கள்: நடு ஓட்டையிலிருந்து விரிசல் விட்டது. வேகமான சிடி டிரைவில் டிஸ்க் நிமிடத்துக்குச் சுமார் 10,000 சுற்று சுற்றும். விரிசல் டிஸ்க் உள்ளேயே வெடித்துச் சிதறினால் டிரைவும் சேர்ந்து போகும். மேலே காகித ஸ்டிக்கர் ஒட்டிய டிஸ்க்கும் சமநிலை தவறி அதிரும். அதற்காக அதை உரிக்கப் போனால் ஸ்டிக்கரோடு தகவல் அடுக்கும் வந்துவிடும். மெதுவாகச் சுற்றும் பழைய டிவிடி பிளேயரில் போட்டுப் பாருங்கள்.

நகல் எடுத்த பிறகு ஃபைலுக்கு 'புதிய ஃபோல்டர் 3' என்று பெயர் இருந்தால் பத்து வருடம் கழித்து யாருக்கும் விளங்காது. யார் கல்யாணம், எந்த ஊர், எந்த வருடம் என்று எழுதி, ஒன்றை ஹார்டு டிஸ்க்கிலும் இன்னொன்றை வேறு வீட்டில் இருக்கும் பிள்ளையிடமும் கொடுத்து வையுங்கள். 2011 டிசம்பரில் தானே புயல் கடலூர் மாவட்டத்தைப் புரட்டிப் போட்டதைப் பார்த்தவர்களுக்கு, இரண்டாவது பிரதி ஏன் வேறு கூரைக்கு அடியில் இருக்க வேண்டும் என்று விளக்கத் தேவையில்லை.

பழைய டிஸ்க்கையும் வீசிவிட வேண்டாம். வெயில் படாத இடத்தில், டப்பாவுக்குள், புத்தகம் போல நிற்க வைத்திருந்தால் போதும். பட்டுப்புடவையோடு இருக்கும் அந்துருண்டையை மட்டும் தள்ளி வைத்துவிடுங்கள்.