‘கூலி’ என்னும் சொல்

“ஐயா, ‘கூலி’ என்பது வசைச்சொல்லா?” என்று எங்கள் கோலசிலாங்கூர்த் தோட்டப் பள்ளி மாணவன் ஒருவன் வினவினான். அவன் பூட்டனாரைத் தோட்டத்து வெள்ளைக்காரத் துரை அவ்வாறே அழைப்பாராம். வினா சிறிது, விடை எளிதன்று.

ஆங்கிலத்தில் இச்சொல் புகுந்த வழி பற்றி அறிஞரிடையே ஒருமித்த முடிவில்லை. யூல், பர்னல் என்னும் இருவர் 1886இல் வெளியிட்ட ‘ஹாப்சன் ஜாப்சன்’ அகராதி, குசராத்துப் பகுதியில் வாழும் ‘கோலி’ மக்களின் பெயரையும், தமிழ்க் ‘கூலி’யையும், அடிமையைக் குறிக்கும் துருக்கிச் சொல்லையும் எடுத்துரைக்கிறது. ‘கோலி’ ஆளைக் குறிக்கும். அதில் ஊதியப் பொருளில்லை. ‘கூலி’யில் ஊதியப் பொருள் உண்டு; ஆனால் அது ஆளின் பெயரன்று. ஒலியொப்புமையால் இரண்டும் கலந்திருத்தலும் கூடும்.

தமிழில் ‘கூலி’யின் முதற்பொருள் ஊதியமே. வேலை செய்வாரைக் கூலியாள் என்றே வழங்குகிறோம். வள்ளுவர் 619ஆம் குறளில் முயற்சியின் பயனை இச்சொல்லாலேயே சுட்டுகிறார். பிறப்பு எதுவாயினும், ஆளையே ‘கூலி’ என்று இழித்தழைத்தது துரைமார் வழக்கு.

ஆசிரியப் பெருமக்களே! மாணவர் கேட்பின் தயங்காது கூறுங்கள்: உழைத்துப் பெறும் கூலியில் இழிவில்லை, உழைத்தவரைப் பேர்சொல்லி அழையாததே இழிவு.