தாமதத்துக்கும் ஊர் உண்டு

ரத்தம் சொல்லும் சேதி – 9

எச்.ஐ.வி. கிருமி தாக்கி அழிக்கும் நோய் எதிர்ப்பு அணுக்களான சிடி4 அணுக்களைப் பற்றிச் சென்ற வாரம் பார்த்தோம். நலமாக இருப்பவரின் ஒரு மைக்ரோ லிட்டர் ரத்தத்தில் இவை 500-க்கு மேல் இருக்கும். எச்.ஐ.வி. கண்டறியப்படும்போதே 350-க்குக் கீழே போயிருந்தால், அது தாமதமான கண்டறிதல். பெரும்பாலும், கிருமி உடலுக்குள் புகுந்து சில ஆண்டுகள் ஆகியும் யாரும் அதைத் தேடவில்லை என்று பொருள்.

இந்தத் தாமதம் ஊருக்கு ஊர் வேறுபடும். இங்கிலாந்தையே எடுத்துக்கொள்வோம். எச்.ஐ.வி.யுடன் வாழ்பவர்கள் லண்டனில்தான் அதிகம். ஆனால், தாமதமாகக் கண்டறியப்படுவோரின் விகிதம் பொதுவாக மற்ற பகுதிகளைவிட அங்கே குறைவு. லண்டன் மருத்துவர்கள் இந்தத் தொற்றை அடிக்கடி பார்க்கிறார்கள். அதனால் சட்டென்று சந்தேகப்படுகிறார்கள். பாலியல் நல மருத்துவமனைகளும் கூப்பிடு தூரத்தில் இருக்கின்றன.

தொற்று அரிதான கிராமப்புறத்தில் நிலைமை வேறு. ஐம்பது வயதைக் கடந்த ஒரு பெண்மணிக்கு எடை குறைகிறது, அக்கி வருகிறது, நாக்கில் வெண்படலம் படர்கிறது என்று வைத்துக்கொள்வோம். தைராய்டு பார்ப்பார்கள், சர்க்கரை பார்ப்பார்கள், புற்றுநோயா என்றும் தேடுவார்கள். ‘இவருக்கா எச்.ஐ.வி. இருக்கப்போகிறது?’ என்ற நினைப்பில் அந்த ஒரு சோதனை மட்டும் விடுபட்டுப்போகும். கடைசியில் நிமோனியா வந்து மூச்சுத்திணறலோடு சேர்க்கப்படும்போதுதான் உண்மை தெரியவரும்.

இந்த நினைப்புக்கு இடமே தராத ஏற்பாடு ஒன்றை 2022 ஏப்ரலில் இங்கிலாந்து கொண்டுவந்தது. லண்டன், பிரைட்டன், மான்செஸ்டர், பிளாக்பூல் போன்று தொற்று மிக அதிகமுள்ள இடங்களின் அவசர சிகிச்சைப் பிரிவுகளில், எதற்காகவேனும் ரத்தம் எடுக்கப்படும் பெரியவர்களுக்கு எச்.ஐ.வி. சோதனையும் சேர்த்தே செய்யப்படுகிறது. கை எலும்பு முறிந்து வந்தவருக்கும் அதே நடைமுறைதான். அறிவிப்புப் பலகையில் விவரம் எழுதியிருக்கும். வேண்டாம் என்பவர் மறுக்கலாம். யாரையும் தனியாகச் சந்தேகிப்பதில்லை என்பதால் யாருக்கும் கூச்சமில்லை. ஆயிரம் பேரில் 2 முதல் 5 பேர்வரை தொற்றுள்ள பகுதிகளுக்கும் இதை விரிவுபடுத்துவதாக 2023-இல் அரசு அறிவித்தது.

அந்தக் கணக்குக்குக் கீழே உள்ள ஊர்களின் கதி? அங்கே மருத்துவரின் விழிப்பு ஒன்றுதான் காவல். ஆளைப் பார்த்து எடைபோடாமல் அறிகுறியைப் பார்த்துச் சோதிக்க வேண்டும். பிரிட்டிஷ் மருத்துவ வழிகாட்டுதல்களும் இதையே வலியுறுத்துகின்றன. ஓர் ஊரில் தொற்று குறைவு என்பது அங்குள்ள நோயாளிக்கு எந்தப் பாதுகாப்பும் தராது.

காலத்தோடு கண்டறிந்து தினமும் மாத்திரை எடுத்துக்கொள்பவர், மற்றவர்களைப் போலவே நீண்ட ஆயுள் வாழலாம். நம் அரசு மருத்துவமனைகளின் ‘நம்பிக்கை மைய’ங்களில் இந்தச் சோதனை இலவசம், முடிவு ரகசியமாகக் காக்கப்படும். விவரம் வேண்டுவோர் 1097 என்ற கட்டணமில்லா எண்ணில் பேசலாம். காரணம் தெரியாமல் எடை குறைகிறதா, அக்கி மறுபடியும் வருகிறதா? மருத்துவர் சொல்லட்டும் என்று காத்திருக்காதீர்கள். எச்.ஐ.வி. சோதனையை நீங்களே கேட்டுச் செய்துகொள்ளுங்கள்.

(தொடரும்)